எதற்கு இத்தனை சிசரோ?

1551ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ரோம் நகரில் ஒரு வாடகை வீட்டில் இயேசு சபையார் பள்ளிக்கூடம் திறந்தார்கள். வாசலில் மாட்டிய பலகை மூன்று பாடங்களைச் சொன்னது: இலக்கணம், இலக்கியம், கிறிஸ்தவ மறைக்கல்வி. கட்டணம் கிடையாது என்பதையும் அதிலேயே எழுதியிருந்தார்கள். ரோமானியக் கல்லூரி என்று பின்னாளில் ஐரோப்பா முழுவதும் பேர்பெற்ற நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. அதற்கு மூன்றாண்டு முன்பு, 1548இல், சிசிலித் தீவின் மெஸ்ஸீனாவில் வெளிமாணவர்களுக்கான முதல் கல்லூரியைச் சபையார் தொடங்கியிருந்தார்கள். 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் சபையைக் கலைத்தபோது அவர்கள் நடத்திவந்த கல்விக்கூடங்கள் எழுநூறுக்கும் மேல்.

இத்தனை பள்ளிகளும் ஏறத்தாழ ஒரே முறையில் நடந்ததற்கு ஒரு விதிநூல் காரணம். வரைவு எழுதி, பல நாட்டு ஆசிரியர்களுக்கு அனுப்பி, குறைகளைக் கேட்டுத் திருத்தி, 1599இல் சபைத் தலைவர் கிளாடியோ அக்குவவீவா வெளியிட்ட 'ராத்சியோ ஸ்தூதியோரும்' அது. அதைப் புரட்டும் இன்றைய வாசகருக்கு ஒரு விஷயம் விசித்திரமாகப் படும். இலக்கண வகுப்புச் சிறுவர்கள் காலையில் இரண்டரை மணி நேரம், பிற்பகலில் இரண்டரை மணி நேரம் பாடம் கேட்கிறார்கள். நேரத்தின் பெரும்பகுதி லத்தீனுக்கும், அடுத்தபடியாகக் கிரேக்கத்துக்கும் போகிறது. உரைநடைக்குச் சிசரோவே அளவுகோல். மறைக்கல்வியை மனப்பாடம் செய்ய வாரத்தில் ஒரு நாள், வெள்ளி அல்லது சனி.

சிசரோ, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கொலையுண்ட ரோமானிய வழக்கறிஞர், அரசியல்வாதி. அவரோடு பாடமாக வந்த வர்ஜிலும் ஓவிடும் பல தெய்வங்களைப் பாடியவர்கள். ஆன்ம மீட்புக்காகவே உலகைத் துறந்தவர்கள், காசு வாங்காமல் நடத்திய பள்ளியில், பிள்ளைகளின் இளமையை இவர்கள் கையில் ஏன் ஒப்படைத்தார்கள்? கத்தோலிக்கச் செவ்வியல் கல்வியின் நோக்கம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. விடை ஓரடுக்கு விடையன்று. வகுப்பறையிலிருந்து தொடங்கி உள்ளே போவோம்.

வாசிக்கப் பழகுவது

வகுப்பின் உயிர்நாடி ஆசிரியர் நடத்தும் வாசிப்பு. சிறு பகுதி ஒன்றை அவர் முதலில் உரக்கப் படிப்பார். அது எதைப் பற்றியது, முன்னே வந்ததோடு எப்படித் தொடர்கிறது என்று சுருக்கிச் சொல்வார். பிறகு வாக்கியம் வாக்கியமாக இறங்குவார்: எழுவாய் எது, இந்த வேற்றுமை ஏன், இந்த இடத்தில் இந்தச் சொல் ஏன், அமைந்திருக்கும் அணி என்ன. புரிவதற்கு வேண்டிய அளவு வரலாறோ புராணமோ சேர்ப்பார். மாணவர்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்வார்கள், மனப்பாடம் செய்வார்கள், அதே நடையில் தாங்களும் ஒன்று எழுதிப் பார்ப்பார்கள். சனிக்கிழமை அந்த வாரப் பாடம் முழுவதும் திரும்ப வரும். பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்று ஆசிரியர் முன் அமர்ந்து பாடம் கேட்ட தமிழ் மரபை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாக இராது.

மூன்று இலக்கண வகுப்புகள், அவற்றின் மேல் இலக்கிய வகுப்பு, அதற்கும் மேல் நாவன்மை வகுப்பு என ஐந்து படிகள். வயதைப் பார்த்து மேலே ஏற்றமாட்டார்கள். தேர்ச்சியைப் பார்த்தே ஏற்றுவார்கள். அதன்பின் மெய்யியல் மூன்றாண்டு, இறையியல் நான்காண்டு. இந்த ஏணியின் மரம் பழையது. இடைக்காலம் ஏழு கலைகளை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்திருந்தது. சொல்லைச் சார்ந்தவை மூன்று: இலக்கணம், தர்க்கம், நாவன்மை. எண்ணைச் சார்ந்தவை நான்கு: எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல். இவற்றைக் கடந்தவனே மெய்யியலுக்கும் இறையியலுக்கும் தகுதி பெற்றான். இயேசு சபையார் இந்த அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு, மறுமலர்ச்சிக் கால இத்தாலி மீட்டெடுத்த இலக்கியக் காதலை அதில் ஏற்றினார்கள்.

ஏன் இலக்கணத்தில் தொடக்கம்? எழுதப்பட்ட ஒரு வாக்கியம் வாசிப்பவன் நினைத்தபடியெல்லாம் பொருள் தராது. அதற்கென்று ஒரு கட்டுமானம் இருக்கிறது. அதற்கு வாசகன்தான் வளைந்துகொடுக்க வேண்டும். தாய்மொழியில் இந்தப் பாடம் எளிதில் உறைப்பதில்லை. பாதி வாக்கியம் கேட்டதுமே மீதியை நாமே ஊகித்துவிடுகிறோம். அயல்மொழியில் ஊகம் உடனே காலை வாரிவிடும். சொல்லின் விகுதியைக் கவனிக்காத மாணவன் கொன்றவனைச் செத்தவனாக்கிவிடுவான். 'நான் நினைத்தது வேறு, இங்கே இருப்பது வேறு' என்று ஒரு சிறுவன் ஒரு நாளில் பலமுறை கண்டுகொள்கிற இடம் இலக்கண வகுப்பு. உண்மை நம் விருப்பத்துக்கு வெளியே இருக்கிறது என்பது மெய்யியலில் பெரிய கூற்று. அதை அந்தக் கல்வி பத்து வயதில், வேற்றுமை உருபுகளைக் கொண்டு கற்றுக்கொடுத்தது.

எகிப்தியரின் பொன்

வாசிக்கப் பழகுவதுதான் வேண்டும் என்றால் விவிலியத்தையே எடுத்திருக்கலாமே? பழைய தயக்கம் இது. இரண்டாம் மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த தெர்த்துல்லியன், ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற கருத்தில் எழுதினார். தீர்ப்பு நாளில் 'நீ கிறிஸ்தவன் அல்லன், சிசரோவின் ஆள்' என்று தன்னைக் குற்றம் சாட்டியதாக ஒரு கனவு கண்டு, விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் நடுங்கியிருக்கிறார்.

விடையின் வடிவத்தைக் கொடுத்தவர் அகுஸ்தினார். அவர் வாழ்க்கையிலேயே இரண்டு பக்கமும் இருந்தன. பள்ளிச் சிறுவனாக, வர்ஜில் காவியத்தில் தீதோ அரசி காதலுக்காக உயிர்விடும் இடத்தில் கண்ணீர் விட்டவர் அவர். தன் ஆன்மா செத்துக்கொண்டிருந்ததற்கு அழாதவன், கதையில் வந்த பெண்ணுக்காக அழுதேனே என்று 'ஒப்புரவுகள்' நூலில் தன் கல்வியையே கடிந்துகொள்கிறார். அதே நூலில் இன்னொரு செய்தி. பத்தொன்பது வயதில் நாவன்மைப் பாடத்துக்காக அவர் எடுத்த ஒரு புத்தகம் அவருடைய ஆசைகளையே திசைமாற்றிவிட்டது. ஞானத்தைத் தேட வேண்டும் என்ற தாகத்தை அதுதான் மூட்டியது. இறைவனை நோக்கிய பயணம் அங்கே தொடங்கியது என்கிறார். அந்தப் புத்தகம் 'ஹொர்தென்சியுஸ்'. எழுதியவர் சிசரோ. நூல் இன்று முழுதாகக் கிடைக்கவில்லை.

பின்னாளில் ஆயராக இருந்து எழுதிய 'கிறிஸ்தவப் போதனை குறித்து' என்னும் நூலில் அவர் ஒரு விவிலிய நிகழ்ச்சியைக் காட்டுகிறார். எகிப்தை விட்டு வெளியேறிய இஸ்ரயேலர் எகிப்தியரின் சிலைகளை விட்டுவிட்டார்கள். பொன்னையும் வெள்ளியையும் கொண்டுபோனார்கள். பிற மதத்தார் கண்ட உண்மையும் அப்படியே. அந்த உலோகத்தை அவர்கள் படைக்கவில்லை, இறைவன் எங்கும் புதைத்துவைத்த சுரங்கத்திலிருந்து தோண்டினார்கள். ஆகவே உண்மை எவர் வாயில் வந்தாலும் அதன் உரிமையாளர் இறைவனே. கத்தோலிக்கக் கல்விக் கொள்கையின் அடிக்கல் இது. பிற்காலத்தில் தாமஸ் அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலை எடுத்தாண்டதும், அரபு மொழியில் எழுதிய பாரசீக மெய்யியலாளர் அவிசென்னாவோடும் யூத அறிஞர் மைமோனிடசோடும் வாதாடிப் பயின்றதும் இதே துணிவில்தான்.

இந்த இலக்கியம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதை எதிரிகளும் அறிந்திருந்தார்கள். 362இல் பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவர்கள் கிரேக்கச் செவ்விலக்கியம் கற்பிக்கக் கூடாது என்று தடுத்தார். அந்தத் தெய்வங்களை நம்பாதவர்களுக்கு அந்த நூல்கள் எதற்கு என்பது அவர் வாதம். நசியான்சுஸ் நகர் கிரகோரியார் கொதித்தெழுந்தார். மொழியும் அறிவும் ஒரு மதத்துக்குப் பட்டா போட்ட சொத்து அல்ல என்பது அவர் நிலை. ரோமப் பேரரசு மேற்கே சரிந்த பிறகு, ஆறாம் நூற்றாண்டில் தென் இத்தாலியில் கசியோதோருஸ் அமைத்த விவாரியம் மடத்தில் துறவிகள் மறைநூல்களோடு உலகியல் நூல்களையும் படியெடுத்தார்கள். 782இல் யார்க் நகரத்து அல்குயின் சார்லமேன் அரசவைக்கு வந்து பள்ளிகளைச் சீர்செய்தார். லத்தீன் இலக்கியத்தில் பெரும்பகுதி இன்று நம் கைக்கு வந்திருப்பது, அந்த ஆசிரியர்களின் தெய்வங்களை நம்பாத துறவிகள் குளிரில் விரல் விறைக்க எழுதிய படிகளால்.

மாற்றான் வாதம்

படித்ததை எடைபோடுவது அடுத்த படி. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த விவாத முறையை அக்குவினாஸின் 'இறையியல் தொகுப்பு' நூலில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் காணலாம். முதலில் கேள்வி. அடுத்து, ஆசிரியர் கொள்ளப்போகும் நிலைக்கு எதிரான வாதங்கள். அப்புறம் மறுபக்கத்து மேற்கோள் ஒன்று. அதன்பிறகே அவருடைய சொந்த விளக்கம். கடைசியில் எதிர்வாதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில். பரபக்கம் சொல்லி முடித்துச் சுபக்கத்துக்கு வருகிற சைவ சித்தாந்த நூல்முறை தெரிந்தவர்களுக்கு இந்த ஒழுங்கின் தர்மம் விளங்கும்.

கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியில் அக்குவினாஸ் இரண்டே எதிர்வாதங்களைத் தருகிறார். ஒன்று: எல்லையற்ற நன்மை இருக்குமானால் தீமைக்கு இடமிராது, ஆனால் தீமை இருக்கிறது. இரண்டு: இயற்கையில் நடப்பதை இயற்கையாலும் மனிதன் செய்வதை மனித மனத்தாலும் விளக்கிவிடலாம், கடவுள் தேவையில்லை. எழுநூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் நாத்திகம் பேசுகிறவர்கள் கையில் இருக்கும் வலுவான வாதங்கள் இவையே. ஒரு துறவி, இறையியல் தொடங்குகிற மாணவர்களுக்கான நூலில், தன் நம்பிக்கைக்கு எதிரான மிகச்சிறந்த ஆயுதத்தைக் கூர்தீட்டி முன்னால் வைக்கிறார். பாரிசில் திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நடந்த பொதுவிவாதங்களில், கூடியிருந்தவர் யாரும் எந்தக் கேள்வியையும் எழுப்பலாம். ஆசான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இதில் அறிவுப் பயிற்சியோடு ஓர் அறப்பயிற்சியும் பிணைந்திருக்கிறது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலின் வாசலிலேயே ஒரு விதி வைக்கிறார்: பிறர் கூற்றைக் கண்டிக்க விரைவதைவிட, அதற்கு நல்ல பொருள் காண முந்த வேண்டும், முடியாவிட்டால் அவர் என்ன கருதுகிறார் என்று கேட்க வேண்டும், தவறு என்றால் அன்போடு திருத்த வேண்டும். வாதத்தில் நேர்மை, பிறர்க்கு அன்பு என்ற இரண்டையும் இந்த மரபு தனித்தனிப் பாடங்களாக வைக்கவில்லை.

இதனோடு இணைந்தது நாவன்மை. கேட்போரை அசைக்கும் சொல்வன்மை, வாசிக்கவும் எடைபோடவும் தெரியாதவன் கையில் ஆபத்து. ஆகவே ஐந்து வகுப்புகளில் அது கடைசியில் வந்தது. இயேசு சபைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் மேடையேற்றிய லத்தீன் நாடகங்களும், மாணவர்கள் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவுகளும் இந்தப் பயிற்சிக்காகவே. அறிவும் ஒழுக்கமும் சொல்லும் ஒன்றாகக் கூடிய பேச்சுத்திறனே அந்த வகுப்பின் இலக்கு.

எண்ணும் சுருதியும்

சொல் பக்கத்தையே பார்த்தால் படம் பாதிதான். எண் பக்கத்து நான்கு கலைகளுக்குப் பின்னாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. அளவு, எண், நிறை ஆகியவற்றால் இறைவன் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார் என்னும் கருத்து விவிலியத்தின் 'சாலமோனின் ஞானம்' நூலில் வருகிறது. படைப்பு ஒழுங்குள்ளது என்றால் அதை எண்ணிப் பார்ப்பதும் ஒருவகை வழிபாடு. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜமாகிறது. மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம் பிறக்கிறது. காதுக்கு இனிமையாகப் படுவது கணக்கிலும் எளிய விகிதமாக இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் போயெத்தியுஸ் எழுதிய இசைநூல் வழியாக இடைக்கால மாணவர்கள் இதைக் கற்றார்கள். இசை அவர்களுக்குக் கணக்கின் ஒரு கிளை.

ரோமானியக் கல்லூரியில் கணிதத்துக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதாடி நின்றவர் கிறிஸ்டோபர் கிளேவியஸ். 1582இல் அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாளை அக்டோபர் 15 ஆக்கிய கிரகோரியன் நாட்காட்டித் திருத்தத்தில் அவர் பங்கு பெரிது. அவரிடம் யூக்ளிட் படித்த மத்தேயோ ரிச்சி சீனா சென்றார். சூ குவாங்சி என்ற அறிஞரோடு சேர்ந்து யூக்ளிடின் முதல் ஆறு பாகங்களை 1607இல் சீனமொழியில் வெளியிட்டார். மறைபரப்பச் சென்றவர் வடிவகணிதத்தைக் காணிக்கையாகக் கொடுத்ததை வெறும் தந்திரமாகவும் பார்க்கலாம். அவர் பெற்ற கல்வியை வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: ஒரு தேற்றத்தை நிறுவிக் காட்டுவதும் உண்மைக்குச் சாட்சி சொல்வதே என்று நம்பியவர் அவர்.

அன்பின் வரிசை

இனி உள்ளடுக்கு. வாசிக்கிறான், எடைபோடுகிறான், பேசுகிறான், எண்ணுகிறான். இவை எல்லாம் சேர்ந்து அவனை என்னவாக ஆக்க வேண்டும்?

அகுஸ்தினார் 'கடவுளின் நகர்' நூலில் ஒழுக்கத்துக்கு மிகச் சுருக்கமான விளக்கம் ஒன்று தருகிறார்: அன்பு முறைப்படி அமைவதே ஒழுக்கம். மனிதன் கெடுவது தீயதை விரும்பியே ஆகவேண்டும் என்பதில்லை. நல்லவற்றையே வரிசை மாற்றி விரும்பினாலும் கெடலாம். பொன் நல்லது, அதை நீதிக்கு மேலே வைத்தால் கஞ்சத்தனம். அழகு நல்லது, அதை அழகைப் படைத்தவருக்கு மேலே வைத்தால் உருவ வழிபாடு. கல்வியின் வேலை மாணவன் முன் நல்லவற்றைக் கொண்டுவந்து வைப்பது, பிறகு எது எதற்காக என்ற வரிசையை அவன் உணரச் செய்வது. தீதோவுக்காக அழுவதும் வேண்டும். அந்த அழுகையின் அளவும் தெரிய வேண்டும்.

இதனால்தான் 'இதைப் படித்து என்ன பயன்?' என்ற கேள்விக்கு இந்த மரபு பதறுவதில்லை. மனிதனுக்கு வேலையைத் தாண்டி ஓர் இறுதிக் கதி உண்டென்று நம்புகிறவர்களுக்கு, அவனை வேலைக்கு மட்டும் தயார்செய்யும் பள்ளி பாதிவழியில் இறக்கிவிட்டதாகவே தோன்றும். பிழைப்புக்கான படிப்பை அவர்கள் வெறுத்தார்கள் என்று கொள்ள வேண்டாம். 1852இல் டப்ளின் நகரில் பல்கலைக்கழகம் பற்றிச் சொற்பொழிவாற்றிய ஜான் ஹென்றி நியூமன், அறிவு தன்னளவிலேயே நாடத்தக்கது என்று நிறுவினார். 1854இல் திறந்த அதே கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவப் பள்ளியும் நடத்தினார்; நிலைத்து வெற்றிபெற்ற துறை அதுதான்.

பயன் வேறொரு வழியிலும் வருகிறது. திருமுழுக்குப் பெறாமலே திருச்சபையின் வாசலில் நின்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல், 1942இல் பள்ளிப் படிப்பையும் இறையன்பையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினார். வடிவகணிதக் கணக்கோடு ஒரு மணி நேரம் மல்லாடி விடை காணாமல் போனாலும் அந்த மணி வீணில்லை; கவனிக்கும் ஆற்றல் வளர்ந்திருக்கிறது; செபத்தின் சாரம் அந்தக் கவனமே என்பது அவர் வாதம். துன்பப்படுகிற அயலானைப் பார்த்து 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்கவும் அதே கவனம்தான் வேண்டும்.

இதற்கு இஞ்ஞாசியாரின் வாழ்க்கையிலேயே ஓர் எடுத்துக்காட்டு. முப்பது வயதைக் கடந்த பிறகு பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து அவர் லத்தீன் படித்தார். வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் புதிய ஆன்மிக ஒளிகள் வந்து மனத்தை நிரப்பின, பாடம் ஏறவில்லை. செபிக்கும்போது வராத இந்தப் பரவசம் படிக்கும்போது ஏன் வருகிறது என்று யோசித்தார். இது சோதனை என்று தெளிந்தார். ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துப்போய், இனி வகுப்பில் கவனம் தவறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். கடமையாக முன்னால் இருக்கும் இலக்கணத்தைப் பக்தியின் பேரால்கூடத் தட்டிக்கழிக்க முடியாது என்பது அவர் கண்ட பாடம்.

இந்தக் கல்வியின் எல்லை

இவ்வளவும் சொன்னபின் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். மரபின் உள்ளிருந்தே அதைச் சொன்னவர் நியூமன். அறிவு வேறு, அறம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். தாராளக் கல்வி பண்பட்ட மனிதனை உருவாக்கும்: நிதானமான அறிவு, நயமான ரசனை, கண்ணியமான நடத்தை. அவன் புனிதனாவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேட்கைகளோடும் ஆணவத்தோடும் போராட அந்தப் பண்பாடு போதாது. அதற்கு இறையருள் வேண்டும். ஆகவே பாடத்திட்டத்தோடு திருப்பலியும் ஒப்புரவும் ஆசிரியரின் முன்மாதிரியும் சேர்ந்தே இருந்தன.

பயிற்சி எந்தத் திசைக்கும் ஆயுதம் தரும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. லா ஃப்ளேஷ் கல்லூரியில் படித்த தெகார்த், 1637இல் வெளியிட்ட 'முறை குறித்த உரை'யில், ஐரோப்பாவின் புகழ்மிக்க பள்ளியொன்றில் படித்து முடித்தும் சந்தேகங்களே மிஞ்சின என்று எழுதினார். பாரிசில் இயேசு சபையாரிடம் நடை கற்ற வோல்டேர் அந்த நடையாலேயே திருச்சபையைக் கிழித்தார்.

இன்னும் பெரிய குறை, வாசலுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றியது. கட்டணம் இல்லாவிட்டாலும், லத்தீனில் ஆண்டுக்கணக்காகச் செலவிட வயிறு இடம்தர வேண்டும். பெண்களுக்கு இயேசு சபைக் கல்லூரிகளில் இடமே இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி வார்ட் 1609 வாக்கில் தோழியரோடு சேர்ந்து சிறுமிகளுக்கு லத்தீன் உட்பட அதே தரத்தில் கல்வி கொடுக்கத் துணிந்தார். 1631இல் ரோம் அவருடைய சபையைக் கலைத்தது, அவரையும் சிறிது காலம் சிறைவைத்தது. ஏழைகளுக்காகப் பிரான்சில் பள்ளிகள் தொடங்கிய ஜான் பாப்டிஸ்ட் டி லா சால், பிள்ளைகள் முதலில் தாய்மொழியான பிரெஞ்சில் வாசிக்கட்டும் என்றார். தம் சபைச் சகோதரர்கள் லத்தீன் கற்பிக்கக் கூடாது என்றே விதி வகுத்தார். இன்று ஆசிரியர்களின் பாதுகாவலராகத் திருச்சபை வணங்குவது அவரைத்தான். செவ்வியல் கல்வி கத்தோலிக்கக் கல்வியின் ஒரு கிளை. முழு மரம் என்று அதைச் சொல்லிவிட முடியாது.

மீட்டெடுப்பும் அதன் சோதனையும்

அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 1960களின் நடுவில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். இன்று இருபது லட்சத்துக்கும் குறைவு. இந்தச் சரிவின் நடுவே அங்கே ஒரு சிறு எதிர்நீச்சல் நடக்கிறது. கலிபோர்னியாவில் 1971இல் தொடங்கிய தாமஸ் அக்குவினாஸ் கல்லூரியில் பாடப்புத்தகங்களும் கிடையா, விரிவுரைகளும் கிடையா. யூக்ளிட், அரிஸ்டாட்டில், அகுஸ்தினார் என்று மூலநூல்களை மேசையைச் சுற்றி உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். மினசோட்டாவில் 2008இல் பெற்றோர் முயற்சியில் எழுந்த செஸ்டர்டன் அகாடமியைப் பின்பற்றிப் பல உயர்நிலைப் பள்ளிகள் வந்தன. மேரிலாந்தில் மூடும் நிலைக்கு வந்திருந்த ஒரு பங்குப் பள்ளி, 2010இல் செவ்வியல் பாடத்திட்டத்துக்கு மாறித் தப்பித்தது.

இந்த மீட்பில் நல்லது நிறைய இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது. லத்தீன் ஒரு குலச்சின்னமாகிவிடலாம். பழைய ஐரோப்பாவின் ஏக்கமே பாடத்திட்டம் ஆகிவிடலாம். செவ்வியல் என்றால் 'நம்மவர்கள்' எழுதியது என்று ஆகிவிடலாம். அப்படி ஆனால் அந்தப் பள்ளி எந்த மரபைக் காப்பதாகச் சொல்கிறதோ அதற்கே எதிராக நிற்கிறது. சிசரோ அந்த வகுப்பறைக்குள் வந்தது 'நம்மவர்' என்பதால் அன்று. அவர் அந்நியர், வேறு தெய்வங்களை வணங்கிய ஊர்க்காரர். அவரிடம் உண்மை இருந்தது, அழகு இருந்தது, அதனால் வந்தார். அந்நியன் நூலைப் பொறுமையாக வாசிக்கவும், அவன் வாதத்தை அவனே மெச்சும்படி எடுத்துச் சொல்லவும், அதில் உள்ள பொன்னைத் தன் அன்பின் வரிசையில் உரிய இடத்தில் வைக்கவும் ஒரு மாணவனுக்குத் தெரிந்தால் அந்தக் கல்வி பலித்தது. தெரியாவிட்டால் எத்தனை லத்தீன் வேர்ச்சொற்களை ஒப்பித்தாலும் பலிக்கவில்லை.

பலித்ததற்கு ஒரு சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1680இல் இத்தாலியில் பிறந்து, இயேசு சபையின் அதே வகுப்புகளில் பயின்ற கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, மதுரை மறைப்பணிக்கு வந்து வீரமாமுனிவரானார். லத்தீனில் தமிழ் இலக்கணம் எழுதினார், எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தையும் 'தொன்னூல் விளக்க'மாகத் தமிழில் தந்தார், சொற்களைச் 'சதுரகராதி'யில் தொகுத்தார், காவியம் பாடினார். இலக்கணத்தில் தொடங்கி, இலக்கியத்தில் ஏறி, தானே படைப்பவனாக முடிவது அவர் சிறுவயதில் ஏறிய அதே ஏணி. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் லத்தீனில் மொழிபெயர்த்தார். சிசரோவின் மொழியில் வள்ளுவர் பேசியதற்கு அந்தக் கல்வியே காரணம்.

அவர் காமத்துப்பாலை விட்டுவிட்டார். மறைப்பணியாளரின் கூச்சம் என்று அதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர் மரபே அவரை அவ்வளவு கூச்சப்படச் சொல்லவில்லை. காதலன் காதலி பாட்டான 'இனிமைமிகு பாடல்' விவிலியத்துக்குள்ளேயே இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி கிளேர்வோ பெர்நார்து அதன் தொடக்க அதிகாரங்களுக்கு மட்டும் எண்பத்தாறு மறையுரைகள் எழுதினார். இன்றைக்கு ஒரு கத்தோலிக்கச் செவ்வியல் பள்ளி தன் நூல்வரிசையை விரிக்க நினைத்தால், வீரமாமுனிவர் விட்ட இடத்திலிருந்து, அந்த மூன்றாம் பாலிலிருந்தே தொடங்கலாம். அதற்கு அவர்கள் புதிய கொள்கை எதையும் தேட வேண்டாம். அகுஸ்தினார் வகுத்ததே போதும்.